ஏரிச் சேற்றில் ஓர் எலக்ட்ரான்

நுழையும்முன்

ஒளிச்சேர்க்கை என்றதும் பச்சை இலையே நினைவுக்கு வருகிறது. இலைகள் தோன்றுவதற்குப் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே கதிரவனின் ஒளியை உணவாக மாற்றும் தொழிலைப் பாக்டீரியாக்கள் செய்துவந்தன. அவற்றுள் பல நீரைப் பயன்படுத்துவதில்லை. ஆக்சிஜனை வெளியிடுவதும் இல்லை. அவை எலக்ட்ரானை எங்கிருந்து பெறுகின்றன, எவ்வழியே செலுத்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் ஏரி விரிந்து கிடக்கிறது. அது இயற்கையாய் அமைந்த ஏரி அன்று. மதுரை மாவட்ட ஆட்சியராக விளங்கிய வேர் ஹென்றி லெவிஞ்ச் என்பவரின் முயற்சியால், ஓடைகள் கூடிய சதுப்புப் பள்ளத்தில் 1863 ஆம் ஆண்டு கரை எழுப்பப்பட்டு உருவானது. நீர் நிறைந்த பிறகும் அடியில் சதுப்பு சதுப்பாகவே இருக்கிறது. மட்கிய இலை, வேர், புல் ஆகியவை அங்கே படிந்து கருஞ்சேறாகின்றன.

ஏரியைவிட உயர்ந்த குன்றொன்றில், 2,343 மீட்டர் உயரத்தில், 1899 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கதிரவ ஆய்வகம் இருக்கிறது. கதிரவப் புள்ளிகளில் வளிமப்பொருள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909 இல் கண்டறிந்தது இங்குதான். ஆய்வகம் கதிரவ ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதிலுள்ள கருங்கோடுகளைப் படிக்கிறது. ஏரிச் சேற்றின் பாக்டீரியாவும் அதே ஒளியின் குறிப்பிட்ட அலைநீளங்களைத் தேர்ந்து பிடிக்கிறது. குன்றின் மேலும் நீரின் அடியிலும் நிகழ்வது அடிப்படையில் ஒன்றே: ஒளியை ஏற்கும் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுகிறது. அதன் பின்னர் நிகழ்வதுதான் வேறு.

கதிரவனின் வளிமண்டலத்தில் உள்ள ஹைட்ரஜன் அணு 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளியை ஏற்கும்போது அதன் எலக்ட்ரான், அதாவது மின்னணு, மேல்நிலைக்கு ஏறுகிறது. கணப்பொழுதில் கீழே இறங்கி, பெற்ற ஆற்றலை ஏதேனும் ஒரு திசையில் ஒளியாக உமிழ்ந்துவிடுகிறது. நம் பக்கம் வரவேண்டிய ஒளி வேறு பக்கங்களுக்குச் சிதறுவதால் நிறமாலையில் அவ்விடம் இருண்டு தோன்றுகிறது. ஆற்றல் வந்தது, போயிற்று. அணுவுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

பச்சையத்தைச் செடியிலிருந்து பிரித்தெடுத்தால் அதற்கும் இந்நிலையே நேர்கிறது. கீரையை அரைத்து ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டிய கரைசல் பச்சையாகத் தோன்றும். இருண்ட அறையில் அதன்மீது நீல ஒளியைப் பாய்ச்சிப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அது குருதிச் சிவப்பாய் ஒளிர்வதைக் காணலாம். ஏறிய எலக்ட்ரானைப் பெற்றுக்கொள்ள அருகில் எவரும் இல்லை. எனவே அது சில நானோ நொடிகளில் பழைய இடத்திற்கே விழுகிறது. விழும்போது சிவப்பொளியைக் கக்குகிறது. ஒரு நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. உயிருள்ள இலையில் இந்த ஒளிர்தல் மிகக் குறைவு. அங்கே ஏறிய எலக்ட்ரானை விழவிடாமல் ஏந்திக்கொள்ள அடுத்த மூலக்கூறு ஆயத்தமாய் நிற்கிறது. ஒளிச்சேர்க்கையின் முழு நுட்பமும் இந்த ஏந்துதலில் அடங்கியிருக்கிறது.

அந்நுட்பத்தை அறிஞர்கள் முழுமையாகப் படித்தறிந்தது இலையில் அன்று, பாக்டீரியாவில்தான். அதன் அமைப்பு எளிமையானது என்பதே காரணம்.

சதுப்பின் கருஞ்சேற்றில் ஆக்சிஜன் இல்லை. அங்கு வாழும் ஒருவகை நுண்ணுயிரிகள் சல்ஃபேட்டை ஒடுக்கி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகின்றன. சேற்றைக் கிளறினால் எழும் அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. நமக்கு நஞ்சான அவ்வாயு, ஊதாக் கந்தகப் பாக்டீரியாவுக்கும் பசுங்கந்தகப் பாக்டீரியாவுக்கும் எலக்ட்ரான் வழங்கும் வள்ளலாகிறது. கீழிருந்து வாயு எழவேண்டும், மேலிருந்து ஒளி இறங்கவேண்டும், ஆக்சிஜன் எட்டக்கூடாது. இம்மூன்றும் கூடும் மெல்லிய அடுக்கே இவ்வுயிர்களின் வாழிடம். மலையடிவாரத்தில் பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி ஆகிய அணைகளின் நீரால் விளையும் நெல்வயல்களைப் போன்ற சேற்று நிலங்கள், கந்தகம் சாராத ஊதாப் பாக்டீரியாவுக்கும் உகந்தவை.

ஆனால், பாசிகளும் நீர்ச்செடிகளும் மேலே ஒளியை உண்டுவிட்ட பிறகு அடியில் இருப்பவற்றுக்கு எஞ்சுவது என்ன? பச்சையம் ஏறத்தாழ 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைப் பயன்படுத்துகிறது. அதற்கு அப்பாலுள்ள, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை அது விட்டுவிடுகிறது. ஊதாப் பாக்டீரியாவின் பாக்டீரியோகுளோரோஃபில் என்னும் நிறமி 800 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அந்த ஒளியையே ஏற்கிறது. பந்தியில் மற்றவர் தொடாத உணவைக் கொண்டு வயிறு நிரப்பும் திறம் இது. ஜெர்மானிய அறிஞர் எங்கெல்மன் 1883 ஆம் ஆண்டளவில், நுண்ணோக்கியின் கீழ் நிறமாலையை வீழ்த்தி இப்பாக்டீரியாக்கள் எங்கே கூடுகின்றன என்று நோக்கினார். அவருடைய கண்ணுக்கு இருட்டாய்த் தெரிந்த பகுதியில் அவை திரண்டு நின்றன. எனினும் இவ்வொளி ஆழமற்ற நீரில்தான் பயன்படும். அகச்சிவப்பை நீரே விழுங்கிவிடும். ஆழத்தில் வாழ்பவை கரோட்டினாய்டு நிறமிகளால் பச்சை, நீல ஒளியைப் பிடித்துக்கொள்கின்றன.

நிறமிகளில் பெரும்பாலானவை ஒளியைப் பிடித்து உள்ளே அனுப்பும் அலைவாங்கிகளே. அவை எலக்ட்ரானைக் கைமாற்றுவதில்லை. ஆற்றலை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்துகின்றன. அவ்வாற்றல் வந்துசேரும் இடம் வினைமையம். புரதத்தின் நடுவே நான்கு பாக்டீரியோகுளோரோஃபில், மெக்னீசியம் நீங்கிய இரண்டு பாக்டீரியோஃபியோஃபைட்டின், இரண்டு குயினோன், ஓர் இரும்பு அயனி ஆகியவை அங்கே பொருத்தப்பட்டுள்ளன. நான்கனுள் இரண்டு பாக்டீரியோகுளோரோஃபில்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். 870 நானோமீட்டர் ஒளியை ஏற்பதால் இந்தச் சிறப்பு இணைக்கு பி 870 என்பது பெயர்.

பழனி மலைக்கோயிலுக்குச் செல்வோர் விஞ்ச் எனப்படும் இழுவை ரயிலில் ஏறினால் ஒரே இழுப்பில் உச்சியை அடைவர். இறங்கும்போது படிப்பாதையில் ஒவ்வொரு படியாக இறங்கலாம். வினைமையத்தில் ஒளி செய்வது விஞ்சின் வேலை. பி 870 இன் எலக்ட்ரானை அது ஒரே தாவலில் உச்சிக்கு ஏற்றுகிறது. பிறகு எலக்ட்ரான் படிப்படியாக இறங்குகிறது. உவமை ஓரளவே பொருந்தும் என்பதையும் சொல்லவேண்டும். மலையுச்சியை அடைந்தவர் விரும்பும்வரை அங்கே தங்கலாம். எலக்ட்ரானுக்கு அந்த உரிமை இல்லை. உடனே முதற்படியில் கால்வைக்காவிட்டால் அது ஏறிய இடத்திலிருந்தே நேரே கீழே விழுந்துவிடும்.

ஆகவே வேகம் இன்றியமையாதது. ரோடோபாக்டர் ஸ்ஃபெராய்டஸ் என்னும் ஊதாப் பாக்டீரியாவில் அளந்து கண்ட காலங்கள் வியப்பூட்டுகின்றன. பி 870 இலிருந்து எலக்ட்ரான் பக்கத்துப் பாக்டீரியோகுளோரோஃபில் வழியாகப் பாக்டீரியோஃபியோஃபைட்டினை அடைய ஏறத்தாழ 3 பிக்கோ நொடி ஆகிறது. பிக்கோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அங்கிருந்து முதற்குயினோனுக்குச் செல்ல ஏறத்தாழ 200 பிக்கோ நொடி. இரண்டாம் குயினோனுக்குச் செல்லும் அடுத்த படியில் அவசரம் குறைகிறது. அதற்கு நூறு மைக்ரோ நொடிக்கு மேலாகிறது. ஆனால் முதற்குயினோனிலிருந்து பி 870 க்குத் திரும்பி விழ நொடியில் பத்தில் ஒரு பங்கு தேவை. அதாவது, ஒவ்வொரு நிலையிலும் முன்னே செல்லும் வழி திரும்பும் வழியைவிடப் பன்மடங்கு விரைவானது. எலக்ட்ரானை எவரும் முன்னோக்கித் தள்ளுவதில்லை. திரும்பிச் செல்ல அதற்கு நேரம் தரப்படுவதில்லை. இதனால்தான் வினைமையத்தை அடையும் ஒளித்துகள்களில் ஏறக்குறைய அனைத்தும் பயனாகின்றன.

ஒவ்வொரு படியிலும் சிறிது ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. அது வீண் என்று தோன்றலாம். திரும்ப ஏற முடியாதபடி படியைத் தாழ்த்தி அமைப்பதற்கு உயிர் கொடுக்கும் விலை அது.

இவ்வமைப்பைக் கண்ணால் காண்பது போலக் காட்டியவர்கள் ஜெர்மானிய அறிஞர்கள் மூவர். சவ்வில் பதிந்த புரதங்களைப் படிகமாக்க இயலாது என்று பலரும் கருதிய காலத்தில் ஹார்ட்மூட் மிஷேல், ரோடோசூடோமோனாஸ் விரிடிஸ் என்னும் பாக்டீரியாவின் வினைமையத்தைப் படிகமாக்கி 1982 இல் முடிவை வெளியிட்டார். யோஹான் டைசன்ஹோஃபரும் ராபர்ட் ஹூபரும் அவருடன் இணைந்து, எக்ஸ் கதிர்களைக் கொண்டு அப்படிகத்தில் அணுக்கள் நிற்கும் இடங்களைக் கணித்தனர். மூவருக்கும் 1988 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கண்ட அமைப்பில் ஒரு புதிர் இருந்தது. சிறப்பு இணையிலிருந்து வலமும் இடமும் கண்ணாடி பிம்பம் போல இரு பாதைகள் செல்கின்றன. நிறமிகளும் ஒன்றே, வரிசையும் ஒன்றே. எனினும் எலக்ட்ரான் அவற்றுள் ஒன்றில் மட்டுமே நடக்கிறது! சுற்றியுள்ள புரதத்தின் சிறு வேறுபாடுகள் ஒரு பாதையின் படிகளைச் சற்றுத் தாழ்த்திவைத்திருப்பதே இதற்குக் காரணம் என்பது அறிஞர் கருத்து.

இனி எலக்ட்ரானின் பயணத்தைத் தொடரலாம். இரண்டாம் குயினோன் ஓர் எலக்ட்ரானோடு நிறைவடைவதில்லை. இரண்டாம் முறை ஒளி விழுந்து இரண்டாவது எலக்ட்ரானும் வந்துசேரவேண்டும். அப்போது அது செல்லின் உட்புறத்திலிருந்து இரண்டு புரோட்டான்களையும் எடுத்துக்கொண்டு, வினைமையத்திலிருந்து கழன்று, சவ்வின் எண்ணெய்ப் படலத்தில் நீந்திச் செல்கிறது. சைட்டோகுரோம் பிசி1 என்னும் புரதத் தொகுதியிடம் எலக்ட்ரான்களை ஒப்படைக்கிறது. புரோட்டான்களைச் சவ்வின் வெளிப்புறத்தில் இறக்குகிறது. எலக்ட்ரானைச் சைட்டோகுரோம் சி2 என்னும் சிறு புரதம் சுமந்து சென்று, எலக்ட்ரானை இழந்து நிற்கும் பி 870 இடமே திரும்பச் சேர்க்கிறது. விஞ்சில் ஏறியவர் படியில் இறங்கி மீண்டும் விஞ்ச் நிலையத்திற்கே வந்துவிட்டார். இதனைச் சுழல் எலக்ட்ரான் கடத்தல் என்பர்.

புறப்பட்ட இடத்திற்கே வந்தால் கண்ட பயன் யாது? எலக்ட்ரான் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் புரோட்டான்கள் சவ்வின் ஒருபுறத்திலிருந்து மறுபுறம் சென்றுவிட்டன. ஆனைமலைப் பகுதியிலுள்ள கடம்பாறை நீரேற்றுப் புனல்மின் நிலையத்தில், மின்சாரம் மிகுந்த வேளையில் நீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும்போது கீழே பாய்ச்சி மின்சாரம் எடுக்கின்றனர். பாக்டீரியாவின் சவ்வும் ஓர் அணையே. வெளியே தேங்கிய புரோட்டான்கள் ஏ.டி.பி. ஆக்கி என்னும் நொதியின் வழியாக உள்ளே பாயும்போது, அந்நொதியின் ஒரு பகுதி சுழலி போலவே சுழன்று ஏ.டி.பி. மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. இவ்வெண்ணத்தை 1961 இல் பீட்டர் மிட்செல் முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆற்றல் மட்டும் இருந்தால் உடல் வளராது. கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்க எலக்ட்ரான்கள் வேண்டும். அவை சர்க்கரையிலேயே தங்கிவிடுவதால் சுழற்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் இருப்புக் குறையும். புதிய எலக்ட்ரான்களை ஹைட்ரஜன் சல்ஃபைடு தருகிறது. எலக்ட்ரானை இழந்த சல்ஃபைடு கந்தகமாகிறது. குரோமேட்டியம் போன்ற ஊதாக் கந்தகப் பாக்டீரியாவின் செல்லுக்குள் அக்கந்தகம் பளபளக்கும் மணிகளாய்ச் சேர்ந்திருப்பதை நுண்ணோக்கியில் காணலாம். பசுங்கந்தகப் பாக்டீரியாவோ கந்தகத்தைச் செல்லுக்கு வெளியே வைக்கிறது. ஊதா வகைக்கு மேலும் ஓர் இடர் உண்டு. அதன் குயினோனில் நிற்கும் எலக்ட்ரான், சர்க்கரை ஆக்கத்திற்கு எலக்ட்ரான் கொண்டுசெல்லும் மூலக்கூறைவிடத் தாழ்ந்த படியில் நிற்கிறது. எனவே தேக்கிய புரோட்டான்களில் ஒரு பகுதியைச் செலவிட்டு எலக்ட்ரானை மேலே தள்ளவேண்டியிருக்கிறது. பசுமை வகையின் வினைமையம் வேறு அமைப்புடையது. அது எலக்ட்ரானை இரும்பு–கந்தகத் தொகுதிகள் வழியே ஃபெரிடாக்சினிடம் நேரடியாகவே கொடுத்துவிடுகிறது.

இந்தக் கந்தக மணிகளே நாம் மூச்சுவிடும் காற்றின் மூலத்தையும் காட்டிக்கொடுத்தன. செடிகள் வெளியிடும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடு உடைவதால் வருகிறது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. நெதர்லாந்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் பணியாற்றிய வான் நீல், 1931 இல் வெளியிட்ட ஆய்வில் எளிய ஒப்பீடு ஒன்றைச் செய்தார். பாக்டீரியாவுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு கொடுத்தால் கந்தகம் எஞ்சுகிறது. கார்பன் டை ஆக்சைடில் கந்தகமே இல்லை. ஆகவே எஞ்சிய கந்தகம் சல்ஃபைடிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். செடிக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடின் இடத்தில் நீர் இருக்கிறது. அப்படியானால் எஞ்சும் ஆக்சிஜன் நீரிலிருந்து வந்ததாகத்தானே இருக்கவேண்டும்? 1941 இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் அவர்தம் குழுவினரும் கனமான ஆக்சிஜன் அணுக்களைக் கொண்ட நீரைப் பாசிக்குக் கொடுத்து, வெளிவந்த வாயுவில் அவ்வணுக்களையே கண்டனர். சேற்று நுண்ணுயிரை ஆராய்ந்தவரின் ஊகம் உறுதியாயிற்று.

நீர் எங்கும் நிறைந்திருக்க, ஊதாப் பாக்டீரியா அரிதான ஹைட்ரஜன் சல்ஃபைடைத் தேடி ஏன் சேற்றில் கிடக்கவேண்டும்? விடை மின்னழுத்தத்தில் இருக்கிறது. நீரிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க ஏறத்தாழ 0.82 வோல்ட் அளவுள்ள இழுவை வேண்டும். எலக்ட்ரானை இழந்த பி 870 இன் இழுவை ஏறத்தாழ 0.5 வோல்ட் மட்டுமே. சல்ஃபைடு எலக்ட்ரானை எளிதில் விட்டுவிடும், நீர் விடாது. அகச்சிவப்பு ஒளியின் சிறிய ஆற்றலைக் கொண்டு வாழ்வோர்க்கு அவ்வளவே கைகூடும்.

அத்தடையைத் தாண்டியவை நீலப்பசும்பாசிகள் எனப்படும் சயனோபாக்டீரியாக்கள். அவற்றில் ஊதா வகையை ஒத்த ஒரு வினைமையமும் பசுங்கந்தக வகையை ஒத்த மற்றொன்றும் அடுத்தடுத்து வேலைசெய்கின்றன. தாவரவியல் பாடத்தில் ஒளி அமைப்பு இரண்டு, ஒளி அமைப்பு ஒன்று என்று பயிலப்படுபவை இவையே. ஒளி அமைப்பு இரண்டில் உள்ள பி 680 எலக்ட்ரானை இழந்ததும் 1.2 வோல்ட் அளவு இழுவை பெறுகிறது. நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் சேர்ந்த சிறு தொகுதி ஒன்று, இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்து, இறுதியில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறை வெளியிடுகிறது. கழிவாக வெளிவந்த அவ்வாயு ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் நிலைபெறத் தொடங்கியது. அதன்பின் ஊதாப் பாக்டீரியா போன்றவை ஆக்சிஜன் எட்டாத ஒதுக்குப்புறங்களில் ஒடுங்கின. ஒருவகை நீலப்பசும்பாசி வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்து பசுங்கணிகமாயிற்று என்பது இன்றைய அறிவியலின் முடிவு. பழனி மலைச் சோலைக்காடுகளின் ஒவ்வோர் இலையிலும் அதன் வழித்தோன்றல் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் அறிஞர் தி. வி. தேசிகாச்சாரி 1959 இல் வெளியிட்ட சயனோஃபைட்டா என்னும் பெருநூல் உலகெங்கும் இத்துறையினர் நாடும் நூலாக விளங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி வகுத்த முறையில் இப்பாக்டீரியாக்களைப் பள்ளியிலேயே வளர்க்கலாம். குளத்துச் சேற்றுடன் கிழித்த செய்தித்தாள் துண்டுகளையும் சிறிது முட்டை மஞ்சட்கருவையும் ஜிப்சத்தையும் கலந்து, உயரமான கண்ணாடிக் குடுவையில் முக்கால் பங்கு நிரப்பவேண்டும். மேலே குளத்து நீர் ஊற்றி, வாயைத் தளர்வாக மூடி, வெளிச்சம் படும் சாளரத்தருகே வைக்கவேண்டும். சில வாரங்களில் அடியில் கருமையும், அதன்மேல் பசுங்கந்தகப் பாக்டீரியாவின் பசுமையும், அதற்கும் மேல் ஊதா நிறமும் அடுக்கடுக்காய்த் தோன்றும். நீர்ப்பரப்பில் பாசிகள் படரும். மாதக்கணக்கில் அதற்கு ஒளியைத் தவிர வேறு உணவு தேவையில்லை.

குடுவையின் அடியில் தோன்றும் கருமை இரும்பு சல்ஃபைடு. சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் அங்கே வாழ்வதற்கு அதுவே அடையாளம். ஊதாப் பாக்டீரியாவுக்கு எலக்ட்ரான் ஊட்டும் இவ்வுயிர்களுள் சிலவற்றுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. சேற்றில் பாதரசம் இருந்தால் அதனை மீத்தைல் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. பாதரசத்தின் மற்ற வடிவங்களைவிட எளிதில் உயிர்களின் உடலில் தங்கி, சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும் மீனிலிருந்து மனிதருக்கும் பெருகிச் செல்லும் நஞ்சு அது. கொடைக்கானலில் இயங்கி 2001 இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து பாதரசம் சுற்றுப்புறத்தில் கலந்தது. 2006 இல் வெளியான ஆய்வொன்று ஏரியின் நீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அளந்து காட்டியது. ஆகவே மேற்சொன்ன குடுவைக்குக் கொடைக்கானல் ஏரியின் சேற்றை எடுக்கலாகாது. கழிவுகள் கலவாத ஊர்க்குளத்திலோ நெல்வயலிலோ, ஆசிரியரின் மேற்பார்வையில், கையுறை அணிந்து எடுத்தல் வேண்டும்.